லயத்து ரசிகர்கள்

இளையராஜாவைப் பற்றி இன்னொரு கட்டுரையா என்று சலித்துக்கொள்பவர்களின் நியாயம் எனக்குப் புரிகிறது. அவருடைய ராகங்களை அலசியாகிவிட்டது. மேற்கத்திய இசையை எங்கே, எப்படிக் கலந்தார் என்று எழுதியாகிவிட்டது. அவருடைய கோபத்தைப் பற்றி எழுதுவதற்கு என்றே ஒரு கூட்டம் இருக்கிறது. நான் எழுத வந்தது அவரைவிட அவருடைய ரசிகர்களைப் பற்றி. அதிலும் 1980களில் மலேசியத் தோட்டங்களில் பதின்மூன்று, பதினான்கு வயதில் அவருக்கு ரசிகர்களாகிப்போன பிள்ளைகளைப் பற்றி. எங்கள் தலைமுறையின் வரலாற்றை எழுதுகிறவர்கள் ரப்பர் விலையை எழுதுகிறார்கள், சம்பளப் பேச்சுவார்த்தையை எழுதுகிறார்கள், தோட்டம் போய்ப் புறம்போக்கில் குடியேறியதை எழுதுகிறார்கள். நாங்கள் என்ன கேட்டுக்கொண்டிருந்தோம் என்பது மட்டும் அந்தப் பக்கங்களில் வருவதில்லை. பாட்டு கேட்பதெல்லாம் ஒரு வரலாறா என்று நினைக்கிறார்கள் போல.

முதலில் கொஞ்சம் தூரம் போக வேண்டும். 1958, தேவிகுளம்.

அதற்கு முந்தைய ஆண்டுதான் கேரளத்தில் ஈ.எம்.எஸ். நம்பூதிரிபாட் தலைமையில் கம்யூனிஸ்ட் அரசு அமைந்திருந்தது. தேவிகுளம் தொகுதியில் வென்ற ரோசம்மா புன்னூஸின் வெற்றி செல்லாது என்று தீர்ப்பாகி, 1958 மே மாதம் அங்கே இடைத்தேர்தல் வந்தது. மூணாறு தேயிலைத் தோட்டங்கள் அந்தப் பகுதியில்தான் இருக்கின்றன. கொழுந்து பறித்தவர்கள் பெரும்பாலும் தமிழர்கள். தமிழ்நாட்டோடு சேர வேண்டுமா, கேரளத்தோடா என்று சண்டை நடந்து, 1956 மாநிலப் பிரிவினையில் கேரளத்துக்குப் போன மலை அது. அந்தத் தேர்தலில் கம்யூனிஸ்ட் கட்சிக்காகப் பாடுவதற்குக் கீழே கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து பண்ணைப்புரம் பாவலர் வரதராஜன் ஆர்மோனியத்தோடு மலையேறினார். மக்கள் முணுமுணுக்கும் மெட்டில் அரசியல் வரிகளைப் போட்டுப் பாடுவது அவர் பாணி. கூடவே தம்பி ராசய்யாவும் போனார். அவருக்கு அப்போது வயது 14.

அந்த ராசய்யாதான் இளையராஜா. மெட்ராஸ் ஸ்டூடியோக்களுக்கும், தன்ராஜ் மாஸ்டரின் வகுப்புக்கும், 1976இல் வெளிவந்த ‘அன்னக்கிளி’க்கும் முன்னால் அவர் குரல் போய்ச் சேர்ந்த முதல் கூட்டங்களில் ஒன்று, தமிழ்நாட்டுக்கு வெளியே லயத்தில் குடியிருந்த தோட்டத் தொழிலாளர் கூட்டம். இதை நான் படித்துத் தெரிந்துகொண்டது முப்பது வயதுக்கு மேல்தான். படித்த அன்று புத்தகத்தை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

ஏனென்றால் மூணாறும் கூலிமும் வேறு வேறு நாடு, ஆனால் ஒரே சொற்கள். கங்காணி, லயம், பெரட்டு. ஆங்கிலேயக் கம்பெனிகள் இலங்கை, மலாயா, மூணாறு எங்கும் ஒரே முறையில்தான் ஆள் பிடித்தார்கள், ஒரே முறையில்தான் வீடு கட்டினார்கள். வரிசை வீடு என்பதற்கான ஆங்கிலச் சொல் தேய்ந்து ‘லயம்’ ஆனது. சங்கீதத்தில் காலக்கணக்குக்கும் அதே சொல். தற்செயல்தான். இருந்தாலும் எனக்குப் பிடித்த தற்செயல்.

அதே 1958இல் மலாயாவில் என்ன நடந்துகொண்டிருந்தது? சுதந்திரம் கிடைத்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. 1948இல் தொடங்கிய அவசரகாலம் இன்னும் முடிந்திருக்கவில்லை. 1960 ஜூலை கடைசியில்தான் முடிந்தது. தொழிற்சங்கத் தலைவர் எஸ்.ஏ.கணபதி 1949 மே 4ஆம் தேதி தூக்கிலிடப்பட்டிருந்தார். பல தோட்டங்களில் லயங்களை ஒன்றாக இழுத்து முள்கம்பிக்குள் அடைத்திருந்தார்கள். மூணாற்றில் வரதராஜன் பாடிய பாட்டை அந்த மாதம் ஒருவர் எங்கள் தோட்டத்துப் பெரட்டுக்களத்தில் பாடியிருந்தால் அவர் ராத்திரி வீட்டுக்குத் திரும்பியிருக்க மாட்டார். என் தாத்தா அந்தக் காலத்தைப் பற்றி வாயே திறந்ததில்லை. பசியைப் பற்றிச் சொல்வார், ஜப்பான்காரனைப் பற்றிச் சொல்வார், சயாம் ரயிலைப் பற்றிச் சொல்வார். 1948க்குப் பிறகு நேராக 1960களுக்குத் தாவிவிடுவார். அவருக்கு மிஞ்சியது மாரியம்மன் திருவிழா, தப்பு, பஜனை, திடலில் வெள்ளைத்துணி கட்டிக் காட்டிய படம். படத்தில் எம்.ஜி.ஆர்.

இதைச் சொல்லாமல் எங்கள் ரசிக வரலாறு புரியாது. எங்களுக்கு முந்தைய தலைமுறை ரசிகர் என்றால் நடிகரின் ரசிகர். அப்பா எம்.ஜி.ஆர். கட்சி, பக்கத்து வீட்டு மாமா சிவாஜி கட்சி. இரண்டு பேருக்கும் பாடியது டி.எம்.எஸ். என்பதில் அவர்களுக்கு ஒரு சங்கடமும் இருந்ததில்லை. அப்பாவுக்குப் பாட்டு என்றால் வார்த்தை. வார்த்தை புரிய வேண்டும், அதில் ஒரு நீதி இருக்க வேண்டும், குளிக்கும்போது பாட வர வேண்டும். இசையமைத்தவர் பெயர் அவருக்குத் தெரியும், ஆனால் அந்தப் பெயருக்காக அவர் ஒரு வெள்ளிகூடச் செலவழித்திருக்க மாட்டார். முகமே தெரியாத ஒருவருக்கு, திரையில் தோன்றாத ஒருவருக்கு, பையன்கள் கூட்டம் கூட்டமாக ரசிகர்களானது எங்கள் தோட்டத்தில் எங்கள் காலத்தில்தான் நடந்தது.

எனக்கு அது 1982இல் நடந்தது. தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு முடித்து, கூலிம் டவுனில் இடைநிலைப்பள்ளியில் புகுமுக வகுப்பில் சேர்ந்த வருடம். புகுமுக வகுப்பு என்றால் இன்றைய பிள்ளைகளுக்கும் தெரியும்: மலாய் போதாது என்று தமிழ்ப்பள்ளி, சீனப்பள்ளிப் பிள்ளைகளை ஒரு வருடம் தனியாக உட்கார வைப்பது. அந்த ஒரு வருடத்தில் நான் மலாய் கற்றேனோ இல்லையோ, நாங்கள் யார் என்பதை மற்றவர்கள் கேட்கிற விதத்தைக் கற்றேன். “காவ் மீனாட் சியாப்பா?” உனக்கு யாரைப் பிடிக்கும்? மலாய்ப் பையன்களுக்கு சுடிர்மான் இருந்தார்; கொஞ்ச வருடம் கழித்து ‘சர்ச்’ வந்தார்கள். சீனப் பையன்கள் ஹாங்காங் பாடகர்களின் படங்களைப் புத்தகத்துக்குள் வைத்திருந்தார்கள். டாக்டர் மகன், வக்கீல் மகன் எல்லாருக்கும் மைக்கல் ஜாக்சன். அந்தக் கேள்விக்கு ஒரு பதில் வேண்டும். எம்.ஜி.ஆர். என்று சொல்ல முடியாது. அது அப்பாவின் பதில். ரஜினி, கமல் என்று சொன்னால், “அவங்க பாடுவாங்களா?” என்று அடுத்த கேள்வி வரும்.

ராஜா என்று முதலில் சொன்னது என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த, வேறொரு தோட்டத்திலிருந்து வந்த பையன். அவன் சொன்ன தோரணையில் அது ஏதோ ஒரு நாட்டு ராஜா போலவே இருந்தது.

வானொலியில் தமிழ் நேரம் உண்டு. பின்னாளில் மின்னல் எப்.எம். ஆன வானொலி 6. ஆனால் வானொலி அது போடுவதைத்தான் நாம் கேட்க வேண்டும். ரசிகன் ஆவதற்குத் திரும்பத் திரும்பக் கேட்க வேண்டும், அதற்குக் கேசட் வேண்டும், கேசட்டுக்குக் காசு வேண்டும். இங்கேதான் வரலாறு நுழைகிறது. 1972லிருந்து பினாங்கு பாயான் லெப்பாஸில் எலெக்ட்ரானிக் தொழிற்சாலைகள் வர ஆரம்பித்தன. கெடாவின் தெற்கிலிருந்த தோட்டங்களுக்கு ஃபேக்டரி பஸ் வந்தது. பால் வெட்டப் போக வேண்டிய பெண்பிள்ளைகள் அந்த பஸ்ஸில் ஏறினார்கள். என் அக்கா 1981இல் ஏறினாள். அவளுடைய நைட் ஷிப்ட் காசில்தான் எங்கள் வீட்டுக்கு இரட்டை ஸ்பீக்கர் ரேடியோ-கேசட் வந்தது. எங்கள் லயத்தில் அப்படி வந்த ரேடியோக்கள் ஐந்து. ஐந்தும் அக்காமார்கள் வாங்கியவை. தோட்டத்தில் இளையராஜாவை ஒலிக்க வைத்தது தம்பிகள் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். தவணை கட்டியது யார் என்று கேட்டால் கதை மாறும்.

டவுனில் கேசட் கடைக்காரர் ஒருவர் இருந்தார், நாங்கள் அண்ணே என்போம். அவரிடம் பாட்டு லிஸ்ட் எழுதிக் கொடுத்தால் 60 நிமிடமோ 90 நிமிடமோ காலி டேப்பில் பதிந்து தருவார். அவரிடமிருந்த ஒரிஜினல்களே பாதிக்கு மேல் களவுப் பிரதியாக இருந்திருக்கும். 1987ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம் வருவதற்கு முன்னால் யாரும் அதைப் பற்றி யோசித்ததில்லை. வந்த பிறகும் பாசார் மாலாமில் யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. லிஸ்ட் எழுதுவது சாதாரண வேலை கிடையாது. ஒரு பக்கம் 45 நிமிடம். பத்தாவது பாட்டு பாதியில் வெட்டுப்படக் கூடாது. எந்தப் பாட்டுக்குப் பிறகு எந்தப் பாட்டு என்று அடுக்க வேண்டும். நான் ஒரு 200 பக்க நோட்டில் எண் போட்டு எழுத ஆரம்பித்தேன்: எண், படம், பாடியவர், எந்தக் கேசட், எந்தப் பக்கம். கணக்குப் பாடத்தில் காட்டாத ஒழுங்கையெல்லாம் அந்த நோட்டில் காட்டினேன்.

கேட்பது எப்படி என்று எங்களுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. ஒரு இயர்போன்தான் சொல்லிக் கொடுத்தது. நண்பன் ஒருவனிடம் வாக்மேன் இருந்தது (அதுவும் அவன் அக்கா வாங்கியதுதான்). பள்ளி பஸ்ஸில் இரண்டு பேர் ஆளுக்கொரு காதில் மாட்டிக்கொள்வோம். ஒருநாள் நான் கிட்டார் என்கிறேன், அவன் வயலின் என்கிறான். சண்டையே வந்துவிட்டது. பிறகுதான் வலது காதும் இடது காதும் வேறு வேறு வாத்தியங்களைக் கேட்கின்றன என்று புரிந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு பாட்டையும் காது மாற்றி இரண்டு முறை கேட்டோம். பாட்டு என்பது மேலே பாடுகிற ஒரு குரல் மட்டும் கிடையாது, கீழே பேஸ் கிட்டார் தனியாக வேறொரு மெட்டைப் போட்டுக்கொண்டிருக்கிறது, சரணத்துக்கு முன்னால் வருகிற வாத்திய இசை இடத்தை நிரப்ப வந்ததல்ல, அதுவே இன்னொரு பாட்டு என்பதெல்லாம் அந்த பஸ்ஸில் தெரிந்தது. ஸ்டீரியோவில் பாடல்கள் பதிவான முதல் தமிழ்ப் படம் என்று சொல்லப்படுகிற ‘ப்ரியா’ 1978இல் வந்தது. லண்டனில் நடக்கும் சுஜாதா கதையை சிங்கப்பூருக்கு மாற்றி எடுத்த படம். சிங்கப்பூரைக் காட்டுகிறார்கள் என்று திடலில் அதைப் பார்த்தவர்கள் உண்டு. ஸ்டீரியோவைக் கேட்க எங்களுக்கு இன்னும் நாலு வருடமும் ஒரு வாக்மேனும் தேவைப்பட்டன.

அந்த பேஸ் கிட்டாரை வாசித்தவர் சசிதரன், டிரம்ஸ் புருஷோத்தமன், கீபோர்டு விஜி மேனுவல், கிட்டார் சதானந்தம், புல்லாங்குழல் நெப்போலியன் என்பதெல்லாம் பிற்பாடு படித்தது. கேசட் அட்டையில் அவர்கள் பெயர் இருந்ததில்லை. நடிகர் முகம் இருக்கும், பாடியவர் பெயர் இருக்கும், ராஜாவின் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கும். எங்கள் பக்தியில் இது ஒரு ஓட்டை. நூறு பேர் உழைப்பை ஒரு பெயருக்குள் அடைத்துக் கும்பிடுவது தோட்டத்துப் பிள்ளைகளுக்கு உறுத்தியிருக்க வேண்டும்; உறுத்தவில்லை.

சாதியைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை முடித்துவிடலாம். பலரும் அப்படித்தான் முடிக்கிறார்கள். மலேசியாவில் சாதி இல்லை என்று மேடையில் சொல்கிறவர்கள் 1980களின் லயத்தில் ஒரு வாரம் இருந்திருக்க வேண்டும். எந்த வரிசையில் யார் குடியிருக்கிறார்கள், திருவிழாவில் யார் தேர்க் கயிற்றை முதலில் பிடிப்பார்கள், சாவுக்கு யார் தப்பு அடிப்பார்கள் எல்லாம் எழுதாத சட்டம். எங்கள் தாத்தா அடிப்பார். அப்பா அடிக்க மாட்டார். தப்பைத் தொட்டதே இல்லை. தாத்தா இறந்த பிறகு அது கூரைக்கும் சுவருக்கும் இடையில் சொருகிக் கிடந்தது.

ஒரு கல்யாண வீட்டில் ராஜாவின் கிராமத்துப் பாட்டு ஒன்று ஸ்பீக்கரில் போய்க்கொண்டிருந்தது. தாளம் தப்பின் அடிதான். பெரியவர் ஒருவர், தோட்டத்தில் மரியாதையானவர், என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, “என்னடா தம்பி, சாவு வீட்டு மேளத்தக் கல்யாண வூட்டுல போடுறீங்க? அவரு யாருன்னு தெரியும்லா உனக்கு?” என்றார். எனக்குத் தெரியாது. அந்தச் சிரிப்பிலிருந்துதான் தெரிந்துகொண்டேன். பக்கத்தில் நின்ற அப்பா ஒன்றும் சொல்லவில்லை. கல்யாணச் சாப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்து வந்தார். வீட்டுக்கு வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல், “அந்தப் பாட்டு இருக்கா உங்கிட்ட? போடு” என்றார். போட்டேன். வார்த்தை புரியவில்லை என்று அவர் அன்றைக்குக் குறை சொல்லவில்லை.

ராஜா தன்னை எந்த அடையாளத்துக்குள்ளும் வைத்துப் பார்க்க விரும்பாதவர் என்பது எனக்குத் தெரியும். அது அவர் உரிமை. ஆனால் கேட்டவர்களுக்கு அது என்னவாக இருந்தது என்பது அவர் விருப்பத்தைப் பொறுத்ததல்ல. சாவு மேளம் என்று ஒதுக்கிய தாளம் வயலின்களுக்கு நடுவில், அவற்றுக்குச் சமமாக, ஸ்பீக்கரில் வந்தது. ‘நம்ம ஆளு’ என்று நாங்கள் சொன்னபோது அதில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு அர்த்தத்தை வைத்திருந்தோம், வெளியே சொன்னதில்லை.

1986இல் ‘ஹௌ டு நேம் இட்’ வந்தது. பாடுகிறவரே இல்லாத கேசட். வி.எஸ்.நரசிம்மனின் வயலின். அண்ணே அதற்குக் களவுப் பிரதி தர மறுத்து, “இத ஒரிஜினல்லதான்டா கேட்கணும்” என்று சொல்லி இரண்டு மடங்கு விலைக்கு விற்றார். வியாபாரமா, ரசனையா என்று இன்றுவரை எனக்கு முடிவு தெரியவில்லை. அப்பா பத்து நிமிடம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “பாட்டு எப்படா வரும்?” என்றார்.

இதெல்லாம் நடந்துகொண்டிருந்தபோது எங்கள் காலுக்குக் கீழே தோட்டம் போய்க்கொண்டிருந்தது. 1981 செப்டம்பர் 7ஆம் தேதி காலையில் லண்டன் பங்குச்சந்தையில் சில மணி நேரத்திற்குள் கத்ரி நிறுவனம் மலேசியாவின் கைக்கு வந்தது. நாடு கொண்டாடியது. தோட்டங்கள் நம்முடையவை என்றார்கள். ‘நம்’ என்பதில் லயம் அடங்குமா என்று யாரும் கேட்கவில்லை. ரப்பர் மரத்தைத் தள்ளிச் செம்பனை நட்டார்கள். செம்பனைக்கு அவ்வளவு ஆள் தேவையில்லை. பல இடங்களில் வீட்டுமனை வந்தது, தொழிற்பேட்டை வந்தது. எங்கள் லயம் 1991இல் காலியானது. ஒரு லாரியில் வீட்டை ஏற்றியபோது அப்பா தப்பை எடுத்துக்கொண்டார். நான் கேசட்டுகளை மைலோ பெட்டிகளில் அடுக்கினேன், மூன்று பெட்டி வந்தது. டவுன் ஃபிளாட்டில் ஏழாவது மாடி. அங்கே சத்தமாக வைத்தால் கீழ்வீட்டுக்காரர் கதவைத் தட்டினார். லயத்தில் ஒரு வீட்டில் போட்டால் பத்து வீடு கேட்கும், யாரும் தட்டியதில்லை. தோட்டம் போனதில் எங்களுக்கு என்ன போனது என்று ஆய்வுக் கூட்டங்களில் கேட்கும்போது எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இதுதான்.

அடுத்த வருடம் ‘ரோஜா’ வந்தது. தம்பிமார்கள் ரஹ்மான் பக்கம் போனார்கள். அவர்கள் காதில் சிடியின் சுத்தமான ஒலி ஏறிவிட்டது, எங்கள் டேப்பின் இரைச்சல் அவர்களுக்குப் பழசாகத் தெரிந்தது. சண்டை போட்டோம். இப்போது யோசித்தால் அது அப்பாவும் நானும் போட்ட அதே சண்டைதான், ஆள் மட்டும் மாறியிருந்தது. 1993இல் ராஜா லண்டனில் ராயல் பில்ஹார்மோனிக்கைக் கொண்டு சிம்பொனி பதிந்தார் என்ற செய்தியைப் பத்திரிகையிலிருந்து கத்தரித்து வைத்தேன். அந்த சிம்பொனி வெளிவரவே இல்லை. 2025 மார்ச் 8ஆம் தேதி அவர் லண்டனில் இன்னொரு சிம்பொனியை அரங்கேற்றியபோது எனக்கு ஐம்பத்தாறு வயது. கத்தரித்த செய்தித்தாள் மஞ்சளாகி எங்கோ போய்விட்டது.

அவர் பேசியது, செய்தது எல்லாவற்றோடும் எனக்கு உடன்பாடு கிடையாது. 2022இல் அம்பேத்கரையும் மோடியையும் ஒப்பிட்டு ஒரு நூலுக்கு அவர் எழுதிய முன்னுரை என்னைக் காயப்படுத்தியது. தேவிகுளத்தில் கொழுந்து பறித்தவர்களுக்கு முன்னால் பாடிய பையன் இதை எழுதியிருக்கக் கூடாது என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். ‘அப்புறம் ஏன் இன்னும் கேட்கிறீங்க அங்கிள்?’ என்று வாசகர் வட்டத்தில் ஒரு மாணவி கேட்டார். நல்ல கேள்வி. பதின்மூன்று வயதில் காதுக்குள் போனதைக் கருத்து வேறுபாடு வெளியே எடுத்துவிட முடியாது என்று சொன்னேன். அவருக்கு அது போதவில்லை. எனக்கும்தான்.

சென்ற வருடம் ஃபிளாட்டைக் காலி செய்யும்போது மைலோ பெட்டிகளைத் திறந்தேன். டேப்புகளில் பூஞ்சை பிடித்துப் பாதி ஓடவில்லை. நோட்டு நன்றாக இருந்தது. கடைசி எண் 1,146. 1991, லயம் காலியான மாதம். பின்னட்டையின் உள்பக்கத்தில் பதினொரு பாட்டுகள் வேறொரு கையெழுத்தில் இருந்தன. அக்காவின் எழுத்து. பென்சிலில், ஃபேக்டரியில் கொடுக்கும் பென்சிலாக இருக்க வேண்டும், சிறிய எழுத்தில் பதிய வேண்டியவை என்று எழுதியிருக்கிறாள். பதினொன்றும் ஜானகி பாடியவை. எதற்கும் எண் போட்டிருக்கவில்லை.